பதினாறாயிரம் அடியில் தரைக் காற்று

அக். 14, திங்கள்

காலையில் தூறல், பிறகு சுள்ளென்று வெயில். ஹேங்கர் தகரத்திலிருந்து பத்து மணி வரை சொட்டுச் சத்தம். பழைய நோட்டு மெட்ராஸ் ஹாஸ்டலில் கரையானுக்குப் போனது. (இனிமேல் சென்னை என்று சொல்ல வேண்டுமாம். வாயில் வரவில்லை.) ஆகவே புது நோட்டு. யாருக்கும் காட்டப்போவதில்லை. என் கையெழுத்து சில சமயம் எனக்கே புரிவதில்லை.

இன்றைய வேலை: டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய், திரும்பி வரும் குழாய், இரண்டும் மாட்டியாயிற்று. ஒரு கிளாம்ப் மனதுக்குப் பிடிக்கவில்லை, திரும்பக் கழற்றினேன். முட்டியில் தோல் போச்சு.

முதல் பக்கம் என்பதால் எல்லாவற்றையும் ஒருமுறை எழுதி வைக்கிறேன். விமானம் நாலு சீட்டு, ஒற்றை எஞ்சின், என்னைவிடக் கொஞ்சம் இளையது. சொந்தக்காரர் ரகு. நூற்பாலைக் குடும்பம், முப்பது வயது, கார்ப் பந்தயப் பைத்தியம், நல்ல பிள்ளை. ஓட்டுபவர் கேப்டன் நம்பியார், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற பாலக்காட்டுக்காரர், பேச்சு குறைவு. நான் இஞ்சினியர், லைசென்ஸ் என் பெயரில். வாட்ச்மேனையும் அவருடைய நாயையும் விட்டால் ஹேங்கரில் ஆள் இவ்வளவுதான்.

ஹிமாசலில் ஒரு கம்பெனி மலைகளை மேலிருந்து படம் எடுத்து வரைபடம் போடுகிறது. அதற்குப் பதினாறாயிரம் அடியில் மணிக்கணக்காகப் பறக்கும் விமானம் வேண்டும். அந்த உயரத்தில் எங்கள் எஞ்சின் பாதி மூச்சில்தான் ஓடும். அதனால்தான் இந்த டர்போ, அமெரிக்காவிலிருந்து மரப்பெட்டியில். சோதனைப் பறப்பு முடிந்து ரிப்போர்ட் மாதக் கடைசிக்குள் போகவேண்டும். போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு, விமானத்தை விற்றுவிடுவேன் என்று ரகு சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விற்பார்.

விற்றால் எனக்கு மறுபடி மெட்ராஸ் வேலைதான். ஒன்பது வருடம் வெள்ளி இரவு ரயிலில் வந்து ஞாயிறு இரவு ரயிலில் திரும்பிய குடித்தனம் எங்களுடையது. ஜூனிலிருந்துதான் ஒரே வீடு. கிணத்துக்கடவு தென்னந்தோப்புக்குள் இவர், மாடு இரண்டு, நான். இவருக்குத் தயிர் பிடிக்காது என்பது போன மாதம்தான் தெரிந்தது. ஒன்பது வருடமாக சனி, ஞாயிறு இரண்டு நாளும் வாயைத் திறக்காமல் தயிர்சாதம் சாப்பிட்டிருக்கிறார். கேட்டால், இருக்கிற ரெண்டு நாளில் தயிருக்காகச் சண்டை போட வேண்டுமா என்றார்.

பிள்ளை இல்லை. அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

அக். 16, புதன்

மேகமூட்டம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, நல்ல நாள்.

கோட்டைமேட்டு இப்ராகிம் பாய் வெப்பத்தடுப்புத் தகடு கொண்டுவந்தார். பெட்டியில் வந்தது நசுங்கிப் போயிருந்தது. அதே வரைபடம், அதே உலோகம், அனுமதிக் கடிதமும் வந்தாயிற்று. பாய் வெல்டிங் செய்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் ஏமாற்றம்.

மதியம் ரகு. வந்ததும் டர்போவைக் கட்டிப்பிடிக்காத குறை. பந்தயக் காரில் போடுகிற மாதிரி ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இறுக்கினால் என்ன என்று ஆரம்பித்தார்.

"ஏனுங்க்கா, கூட ஒரு ரெண்டு அங்குலம் அழுத்தம் ஏத்திப்போட்டா சும்மா பிச்சுக்கிட்டுப் போகுமில்லீங்க?"

கூடாது என்றேன். இந்த ஊரில் டர்போ என்று சொன்னாலே எல்லோருக்கும் ஒரே ஆசை, இன்னும் கொஞ்சம். லாரிக்காரர், டிராக்டர்காரர், மில்காரர் வித்தியாசமே இல்லை. இது அந்த வகை டர்போ இல்லை. தரையில் எஞ்சினுக்கு எவ்வளவு காற்று கிடைத்ததோ அவ்வளவுதான் மேலேயும் கிடைக்கும். கூட்டித் தருவதற்கு இல்லை, குறையாமல் பார்த்துக்கொள்வதற்கு. ரகு உதட்டைப் பிதுக்கினார். இத்தனை செலவு பண்ணி இருக்கிறதைக் காப்பாற்றத்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போது இன்னொரு முறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன்.

வாங்க வேண்டியது: அரப்புத்தூள், நூல்கண்டு, மாட்டுக்குத் தவிடு, கேஸ் புக் பண்ண வேண்டும்.

அக். 18, வெள்ளி

மழை இல்லை. இரவு சாப்பாட்டின்போது இவர் கேட்டார், அந்தச் சாமான் என்னதான் செய்யும் என்று. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. புகைக்குழாயில் வீணாய்ப் போகிற சூட்டு வாயு ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் மெலிந்த காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். இவ்வளவுதான் என்றேன்.

ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டார். "போர்ல தண்ணி கீழ போகப் போக கம்ப்ரஸர் மாத்தறமே, தொட்டில உளுகற தண்ணி குறையாம. அதானே?"

அதேதான். கிளாஸ் எடுத்த வாத்தியார்கூட இவ்வளவு லேசாகச் சொல்லவில்லை. எவ்வளவு அமுக்குவது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி. அதற்கு ஒரு சின்னப் பித்தளைப் பெட்டி இருக்கிறது, கன்ட்ரோலர் என்று பெயர், இரண்டு தீப்பெட்டி அளவு. வெளிக்காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்து டர்போவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்றேன். தீப்பெட்டி அளவு மூளையா என்று சிரித்தார்.

படுத்ததும் தூங்கிவிடுவேன். ஒரே வீட்டுக்கு வந்ததிலிருந்து தூக்கம் அப்படி.

அக். 20, ஞாயிறு. ஆயுத பூஜை

விடிந்ததிலிருந்து இவருடைய நாள். மோட்டார் ரூம், மருந்தடிக்கும் மிஷின், கடப்பாரை, அரிவாள், டி.வி.எஸ்., மிக்ஸி, டி.வி. பெட்டி, என் தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். இஸ்திரிப் பெட்டியை மறந்துவிட்டு, பாதி தோசையில் எழுந்து போய் வைத்துவிட்டு வந்தார்.

பதினொரு மணிக்கு ஹேங்கர். நான் கூப்பிடவில்லை, தானாகக் கிளம்பிவிட்டார். வெள்ளை வேட்டி, வாழைக்கன்று இரண்டு, பூசணிக்காய், பொரி மூட்டை. இதுவரை என் வேலையிடத்துக்கு இவர் வந்ததே கிடையாது. மெட்ராஸ் ஹேங்கரில் வெளியாள் நுழைய முடியாது. இங்கே கேட்பார் யார்? ரகுவும் கேப்டனும் இருந்தார்கள். எஞ்சின் மூடி கழற்றி வைத்திருந்தது, எல்லாம் வெளியே தெரிந்தது.

என் டூல் பாக்ஸில் ஒவ்வொரு ஸ்பானராக எடுத்து வைத்தார். பிறகு விமானத்தின் மூக்கு, சக்கரம் மூன்று, கதவு. பிறகு எஞ்சின். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. டர்போவுக்குப் பட்டையாக மூன்று விரல். பித்தளைப் பெட்டியைக் கண்டுபிடித்து, இதுதானே மூளை என்று என்னிடம் கேட்டுவிட்டு அதற்கும் ஒன்று. கேப்டன் கைகட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் அவர் தொப்பியை நீட்டி அதிலும் ஒரு பொட்டு வாங்கிக்கொண்டார்.

இவர் கற்பூரம் காட்டும்போது முகத்தைப் பார்த்தேன். தோட்டத்து மோட்டாருக்குக் காட்டுகிற அதே முகம். என் எஞ்சின் இவருக்கு இப்போது வீட்டுச் சாமான். சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

பூசணிக்காயை ரகு ஓடுதளப் பக்கம் உடைக்கப் போனார். கேப்டன் வாய் திறந்த ஒரே தடவை அதுதான். சக்கரம் வழுக்கும், கேட்டுக்கு வெளியே என்றார்.

அக். 21, திங்கள்

நல்ல வெயில். பூஜையில் வைத்ததை எடுக்கும் நாள். சந்தனத்தோடு எஞ்சினை ஓடவிட முடியாது, சூட்டில் கருகிப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒவ்வொரு பொட்டாக அழுத்தி அழுத்தித் துடைத்தேன். மனசில்லாமல்தான். விமானத்தின் மூக்கில் இருந்ததை மட்டும் விட்டேன், அங்கே சூடு ஏறாது.

தரையில் ஓட்டிப் பார்த்தோம். அழுத்த முள், பாதரசக் கணக்கில், இருபத்தொன்பது அங்குலத்தில் நின்றது. கசிவு இல்லை, நடுக்கம் இல்லை. கேப்டன் கட்டைவிரலைக் காட்டினார். புதன்கிழமை சோதனை. நானும் ஏறுகிறேன். அது என் சட்டம். கையெழுத்துப் போட்டவள் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்துவிட்டது. கேப்டனிடமும் சொல்லிவிட்டேன், புதன்கிழமை தலைக்கு எண்ணெய் கூடாது, மீசைக்கும் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். தேங்காய் எண்ணெய் இல்லாமல் பாலக்காட்டுக்காரர் ஒரு நாள் எப்படி இருப்பார் என்று இவருக்கு ஒரே கவலை.

அக். 23, புதன்

சரியில்லை.

வரிசையாக எழுதுகிறேன். காலை ஏழரைக்குக் கிளம்பினோம். வானம் சுத்தம். பொள்ளாச்சிப் பக்கம் வட்டமடித்து ஏறுவதற்கு அனுமதி. மூவாயிரம் அடியிலேயே முள் இருபத்தேழுக்கு இறங்கிவிட்டது. ஐயாயிரத்தில் இருபத்தைந்து. ஒன்பதாயிரத்தில் இருபத்தொன்று. டர்போ என்று ஒன்று மாட்டாத எஞ்சின் எப்படி இருக்குமோ அப்படி. ஆயிரம் அடிக்கு ஓர் அங்குலம், பள்ளிக்கூடப் புத்தகம் மாதிரி ஒழுங்காக இறங்கியது. ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தொடவே இல்லை.

கேப்டன் என்னைப் பார்த்தார். நான் முள்ளைப் பார்த்தேன். திரும்பலாம் என்றேன்.

இறங்கியதும் தரையில் ஓட்டினோம். இருபத்தொன்பது. சிரிப்புக் காட்டுகிறதா என்று நினைத்தேன்.

ரகு கத்தவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. கோபம் வந்தால் கத்துகிற ஆள், சும்மா இருந்தால் கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம். பம்பாயில் ஒரு பெரிய ஒர்க்ஷாப் இருக்கிறது, அவர்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்று போகும்போது சொன்னார்.

வீட்டில் சொன்னேன். இவர் உடனே காபி வைத்துக் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

அக். 24, வியாழன்

மழை. பார்த்தவை: காற்றுக் குழாய்கள் எல்லாம் (சோப்புத் தண்ணீர் அடித்து), கிளாம்ப் அத்தனையும், இன்டர்கூலர், எண்ணெய் அழுத்தம், கழிவு வாயுக் கதவு தடையில்லாமல் அசைகிறதா. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்தால் அதைவிட எரிச்சல் வேறில்லை.

மேலே தப்பு, கீழே சரி. கீழே உட்கார்ந்து எப்படித் தேடுவது? வலி வரும்போது டாக்டர் இல்லை, டாக்டர் வரும்போது வலி இல்லை என்கிற கதை.

பம்பாய் ஒர்க்ஷாப் விமானத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டது. செவ்வாய் வரை ரகு எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார். கெடு என்று சொல்லவில்லை. "செவ்வாக்கெழமை பாத்துக்கலாமுங்க்கா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. போனால் திரும்பி வராது. பம்பாயிலேயே வாங்க ஆள் இருக்கிறது.

மெட்ராஸில் என் பழைய அதிகாரிக்குக் கடிதம் எழுதலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். எழுதவில்லை.

அக். 25, வெள்ளி

மிச்சம் இருப்பது பித்தளைப் பெட்டி ஒன்றுதான். ஆனால் அதைத் தரையில் சோதிக்க வழி இல்லை. அதைச் சுற்றிக் காற்று மெலிந்தால்தான் உள்ளே இருக்கிற தண்டு நகரும். மெலிந்த காற்றுக்கு எங்கே போவேன்? பெரிய ஒர்க்ஷாப்பில் அதற்கென்று வெற்றிடப் பெட்டி இருக்கும்.

ராத்திரி இவரிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். காற்றை உறிஞ்சி எடுக்கிற மிஷின்தானே வேண்டும், பால் கறக்கிற மிஷின் உதவுமா என்று கேட்டார். பக்கத்துத் தோட்டத்து மாட்டுப் பண்ணையில் போன வருடம் வாங்கினது. காம்பிலிருந்து பாலை உறிஞ்சுவது வெற்றிடம்தான். எவ்வளவு உறிஞ்சும் என்று எனக்குத் தெரியவில்லை. இவருக்குத் தெரிந்திருந்தது, மீட்டரில் பதினைந்து காட்டும், அதுக்கு மேல் போனால் மாட்டுக்குக் காம்பு புண்ணாகிவிடும் என்றார்.

பதினைந்து அங்குலம். காற்றில் பாதி. ஏறக்குறைய பதினெட்டாயிரம் அடி. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அக். 26, சனி

எல்லாவற்றையும் எழுத வேண்டும், மெதுவாக.

காலைக் கறவை முடிந்ததும் பண்ணைக்காரர் பம்ப்பைக் கழற்றிக் கொடுத்தார். மாலைக் கறவைக்குள் திருப்பித் தரவேண்டும். மளிகைக் கடையில் மிட்டாய் வைக்கிற கனத்த கண்ணாடி ஜாடி ஒன்று. மூடிக்குப் பதில் இப்ராகிம் பாய் கொடுத்தனுப்பிய தடித்த தகடு, நடுவில் குழாய் மாட்டத் துளை. சைக்கிள் டியூபை வெட்டி வாஷர். மோட்டார் ரூம் முன்னால், வாழை நிழலில், சாக்கு விரித்து வைத்தோம். ஜாடி வெடித்தால் என்று அதைச் சுற்றி இவர் கோணிப்பை கட்டினார், பார்க்க ஒரு சந்து விட்டு.

விடியற்காலையில் ஹேங்கரிலிருந்து கழற்றி வந்த பித்தளைப் பெட்டியை உள்ளே வைத்து பம்ப்பை ஓடவிட்டேன். மீட்டர் ஐந்து, பத்து, பதினைந்து. பெட்டியின் தண்டு அசையவில்லை. பதினெட்டாயிரம் அடிக்குப் போயும் அது தரையிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

அப்பாடா என்று இருந்தது. தப்பு கையில் அகப்பட்டுவிட்டது. வெளியே எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெட்டியின் முகத்தில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். பெட்டி மோப்பம் பிடிக்கும் மூக்கு அதுதான். துவாரத்தைக் காணோம். அந்த இடத்தில் வெளிறின மஞ்சளில் காய்ந்த ஒரு புள்ளி. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

சந்தனம்.

தரை அழுத்தத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. அதனால்தான் தரையில் எல்லாம் சரி.

இவர் பக்கத்தில் குனிந்து நின்றிருந்தார். நான் சொல்வதற்கு முன்பே வாசனை தெரிந்துவிட்டது.

"அம்மணி, இது நா வெச்ச பொட்டுத்தான?"

முகம் வெளுத்துவிட்டது. இந்த மனுஷனை அப்படிப் பார்த்ததே இல்லை. தென்னையிலிருந்து ஆள் விழுந்த அன்றுகூட இப்படி இல்லை.

"வெச்சது நீங்க. அழுத்தித் தொடச்சு உள்ள தள்ளுனது நானுங்க" என்றேன்.

உண்மை அதுதான். பொட்டு மேலே இருந்தவரை துவாரத்தை மூடித்தான் இருந்தது, கழுவினால் போயிருக்கும். ஸ்பிரிட் துணியால் வீடு மெழுகுகிற மாதிரி நான்தான் உள்ளே பூசினேன். அதன்பின் எஞ்சின் சூட்டில் சுட்டுச் செங்கல் ஆயிற்று. லைசென்ஸ் வைத்திருப்பவள் செய்கிற வேலை. ஊரில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வான், துளை இருக்கிற இடத்தில் துடைப்பதற்கு முன் மூடு என்று.

மெல்லிய கம்பி, வெந்நீர், பிறகு காற்று. மறுபடி ஜாடி. பத்து தாண்டும்போதே தண்டு நகர்ந்தது. பதினைந்தில் முழுக்க வெளியே. கைதட்ட வேண்டும் போல இருந்தது. திரும்பினால் இவர் இல்லை. பம்ப்பைக் கழற்றாமல், வேட்டியை மடித்துக்கட்டி தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்.

நானே டி.வி.எஸ்.ஸில் கட்டிக்கொண்டு போய்ப் பம்ப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். கறவைக்கு மாடு கத்திக்கொண்டிருந்தது.

அக். 27, ஞாயிறு

இவர் பேசவில்லை. பேசாமல் இருப்பவர் இல்லை. மாட்டிடம்கூடப் பேசவில்லை. மத்தியானம் கோழி அடித்தேன், பிடித்த குழம்பு, இரண்டாவது தடவை கேட்கவில்லை.

சாயங்காலம் மோட்டார் ரூம் படியில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எஞ்சின் நின்று போயிருக்காது, விமானம் விழுந்திருக்காது, பழைய எஞ்சின் மாதிரி மூச்சு வாங்கியிருக்கும், அவ்வளவுதான் என்று விளக்கினேன். தலையாட்டினார். நம்புகிற தலையாட்டல் இல்லை.

"நீயும் அதுக்குள்ள உக்காந்திருந்தீல்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. ஒன்பது வருடம் நான் மெட்ராஸில் எதில் ஏறினேன், எதில் இறங்கினேன் என்று இவர் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலை வந்து நிற்பேன், முழுசாக. இப்போது பக்கத்தில் இருந்து பார்க்கிறார். ஒரே வீட்டில் இருப்பதில் இதுவும் உண்டு என்று நான் யோசித்ததில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்து அக்கா அந்த நேரம் பார்த்து வேலிப் பக்கம் வந்தாள். விடவில்லை.

அக். 28, திங்கள்

ஹேங்கர். பெட்டியை மாட்டி, துவாரத்துக்கு மேல் சின்ன வலைத் தொப்பி ஒன்று (கம்பெனியே கொடுக்கிற சாமான்தான், மரப்பெட்டி அடியில் கிடந்தது, தேவையில்லை என்று நினைத்திருந்தேன்). பதிவேட்டில் எழுதினேன்: துவாரத்தில் அந்நியப் பொருள், அகற்றப்பட்டது. என்ன பொருள் என்று ரகு கேட்டார். சந்தனம் என்றேன். யார் வைத்தது என்று அவருக்கும் தெரியும், கூடவே நின்றிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் பந்தயக் காரின் ஏர் ஃபில்டரில் அவர் அம்மா பூ சொருகியதையும் பாதி ஓட்டத்தில் கார் இருமியதையும் சொன்னார். துடைத்தது நான் என்று நான் சொன்னது காதில் விழுந்ததா தெரியவில்லை.

கேப்டன் சிரிக்கவில்லை. நாளைக்கு ஆறு மணிக்கே ரெடியாக இருக்கச் சொன்னார். மழைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும்.

அரப்பு தேய்த்துத் தலை குளித்தேன். எண்ணெய் இல்லாத தலைமுடி பறக்கிறது, பைத்தியக்காரி மாதிரி.

அக். 29, செவ்வாய்

இருபத்தொன்பது. ஐயாயிரத்தில் இருபத்தொன்பது. ஒன்பதாயிரத்தில் இருபத்தொன்பது. பத்தாயிரத்தில் மாஸ்க். பன்னிரண்டில் இருபத்தொன்பது. முள்ளில் ஏதாவது ஒட்டிக்கொண்டதா என்று கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். கேப்டன் மாஸ்க்குக்குள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது.

பதினாறாயிரம். அங்கே அரை மணி நேரம், சூடு, எண்ணெய், அழுத்தம் எல்லாம் எழுதிக்கொண்டே இருந்தேன். கை விறைத்தது. வேலை முடிந்து ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆனைமலை முழுசும் கீழே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் உள்ளே வந்துகொண்டிருந்தது, வாசல் திறந்த வீட்டுக்குள் புகை வருகிற மாதிரி. காற்றாலைகள் வெள்ளைக் குண்டூசிகள். எங்கள் தோப்பு எது என்று தேடினேன், எல்லாத் தோப்பும் ஒரே பச்சை. எஞ்சின் சத்தம் மட்டும் தரையில் கேட்கிற அதே சத்தம். எத்தனை உயரத்திலும் அதே சத்தம். கண்ணில் தண்ணீர் வந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு அழுவது சிரமம், மூக்கு அடைக்கிறது.

இறங்கும்போது ஹேங்கர் வாசலில் டி.வி.எஸ். நின்றது. இவர். வருவதாகச் சொல்லவே இல்லை. சக்கரம் நின்று, விசிறி நின்று, கதவு திறக்கும் வரை அசையாமல் நின்றார். பக்கத்தில் போனதும் தேங்காய் பறித்துப் போடுகிற ஆள் வரவில்லை, அதான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றார்.

கையெழுத்துப் போட்டேன். நன்றாகவே வந்தது, யாரும் படிக்கலாம்.

அக். 31, வியாழன்

மழை, விடாமல். தீபாவளிக்கு முறுக்கு மாவு அரைக்க வேண்டும், மில்லில் கரண்ட் இல்லை.

ரிப்போர்ட் போயிற்று. ஹிமாசல் கம்பெனி ஒப்புக்கொண்டது. டிசம்பர் முதல் மார்ச் வரை விமானம் அங்கே, பிறகு ஒவ்வொரு வருடமும். விற்கிற பேச்சு இல்லை. ரகு ஹேங்கருக்கு ஜாங்கிரி கொண்டுவந்தார். இரண்டாவது ஜாங்கிரியை நான் கையில் எடுக்கும்போது மீதியைச் சொன்னார். அங்கே இருக்கிற இஞ்சினியர் பார்த்துக்கொள்வார் என்றுதான் முதலில் பேச்சு. இப்போது அவருக்கு இந்த டர்போவில் கையெழுத்துப் போட அனுமதி இல்லை என்று தெரிந்ததாம். இந்த டர்போவுக்குக் கையெழுத்துப் போட்டது நாட்டிலேயே நான் ஒருத்திதான். விமானம் போகிற இடத்துக்கு நானும் போகவேண்டும். நாலு மாதம்.

ஜாங்கிரியைத் திருப்பி வைக்கவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. வேலை நன்றாக அமைந்ததாலேயே போகிறேன். மாட்டவே தெரியாமல் இருந்திருந்தால் மெட்ராஸாவது பக்கம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போகமாட்டேன் என்று ரகுவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

இவர் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்தார். அங்கே குளிர் எப்படி, ரயில் எதுவரை போகும், அப்புறம் பஸ்ஸா என்று விசாரித்தார். காய் போடுவது நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறைதான், நடுவில் மாட்டைப் பண்ணைக்காரர் பார்த்துக்கொள்வார், கேட்டாயிற்று என்றார். எப்போது கேட்டீர்கள் என்றேன். முந்தாநாள், ஹேங்கரில் ரகு இவரிடம்தான் முதலில் சொன்னாராம், அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று பயந்து. இரண்டு நாள் வயிற்றில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார், தயிர் மாதிரி.

"ஒம்பது வருசம் நீ வந்துட்டுப் போயிட்டு இருந்தே. இனி கொஞ்ச நாளைக்கு நா வந்துட்டுப் போறேன், அம்மணி."

சொல்லிவிட்டு அடுத்த தேங்காயை எடுத்தார்.

செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தேன்.